25 பேர், 2 பர்னர்: கைந்தாவில் ஒரு நோச்சே புவேனா

டிசம்பர் 24 நள்ளிரவில் பிலிப்பைன்ஸ் வீடுகளில் சாப்பிடும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நோச்சே புவேனா என்று பெயர். என் மனைவியின் குடும்பத்தில் இதை யார் தலையிலும் முழுதாகக் கட்டுவதில்லை. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று பிரித்துக்கொள்வார்கள். இந்த முறை மணிலாவுக்குக் கிழக்கே கைந்தாவில், மாமியார் வீட்டில் 25 பேர். எங்கள் பங்குக்கு வந்தது கரே-கரே: மாட்டு வாலை நிலக்கடலைக் குழம்பில் போட்டு, மேலே காய்கறி அடுக்கி, பக்கத்தில் உப்பு இறால் விழுது வைத்துப் பரிமாறுவது.

செய்முறையை எழுதுமுன் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொன்று செய்து எடுத்துவரும் விருந்தில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடே வராது. தட்டுப்பாடு வருவதெல்லாம் அடுப்புக்குத்தான். எல்லோரும் “சும்மா ஒரு தடவை சூடு பண்ணினால் போதும்” என்றுதான் வருவார்கள். மாமியார் வீட்டில் இருப்பதோ இரண்டு பர்னர் காஸ் அடுப்பு. பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க இடம் இருக்காது.

அதனால் மெசெஞ்சர் குழுவில் பதார்த்தப் பட்டியல் வந்ததும், ஒவ்வொன்றுக்கும் எப்போது தீ வேண்டும் என்று பக்கத்தில் குறித்தேன். மனைவியின் அக்கா (இங்கே ஆத்தே) பன்சித் செய்கிறார். அது அன்று மாலைதான் செய்யவேண்டியது, ரொம்ப முன்னாலேயே செய்தால் நூடுல்ஸ் சாற்றைக் குடித்து ஊறிப்போகும். அண்ணன், கூயா, பன்றி பார்பெக்யூ. அவருக்கு வாசலில் கரி அடுப்பு இருக்கிறது, தொந்தரவில்லை. தீத்தாக்கள், அதாவது மாமியாரின் தங்கைகள் இருவரில் ஒருவர் பழ சாலட்டும் மக்ரோனி சாலட்டும், இரண்டும் குளிர்பெட்டியிலிருந்து நேரே மேஜைக்கு. இன்னொருவர் குழந்தைகளுக்கு ஹாட்டாக் வெட்டிப்போட்ட இனிப்பு ஸ்பகெட்டி. மாமியார் லெச்சே ஃபிளான், அதாவது முட்டை மஞ்சள் கருப் புட்டிங். லும்பியா என்ற கறிச் சுருளை எல்லோரும் சேர்ந்து சுருட்டுவது. ஹாமும், சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸான கேசோ தே போலாவும் யாரோ ஒருவருக்கு அலுவலகத்தில் கொடுத்த கிறிஸ்துமஸ் கூடையில் வந்துவிடும், வருடா வருடம் வரும். பிபிங்கா என்ற அரிசி மாவுக் கேக்கை யாரும் வீட்டில் செய்வதில்லை. கைந்தாவே பிபிங்காவுக்குப் பேர்போன ஊர். டிசம்பர் 16 தொடங்கி ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் போய்வருகிறவர்கள் கோயில் வாசலிலேயே, மேலும் கீழும் கரித்தணல் வைத்துச் சுட்டதை வாழையிலையோடு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதோடு போட்டி போட நான் தயாரில்லை.

பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்தது: கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பர்னர் லும்பியா பொரிக்க, இன்னொன்று ஸ்பகெட்டிச் சாறு சூடு பண்ண. கரே-கரேவுக்குக் காஸ் அடுப்பில் இடமே கிடையாது. வேறு வழி பார்க்கவேண்டும்.

சிலிண்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டேன். கொதிக்கிற தண்ணீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றிவிட்டு, மேலிருந்து கீழே கையால் தடவினால் திரவம் இருக்கும் மட்டம் வரும் இடத்தில் சில்லென்று இருக்கும். கை ஏறக்குறைய அடிவரை போய்விட்டது. 23ஆம் தேதியே புது சிலிண்டர் வந்தது. 24 இரவு காஸ் கடைக்காரர் எடுக்கமாட்டார், அவர் வீட்டிலும் நோச்சே புவேனா.

சரி, கரே-கரே.

3 கிலோ வால், 1 கிலோ வயிற்றுப்பை. எட்டுப் பத்து பதார்த்தம் இருக்கும் மேஜையில் 25 பேருக்கு இது போதும். வாலில் பாதிக்குப் பாதி எலும்பு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பலெங்கேயில், அதாவது சந்தையில், வால் கண்ணில் படுவதே அபூர்வம், கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கினேன். கணுக்கணுவாக வெட்டித் தருவார்கள். கணுவில் கத்தி இறங்கவேண்டும். எலும்பு நடுவில் வெட்டினால் சில்லு சில்லாகக் குழம்பில் வரும்.

முதலில் வாலைப் பச்சைத்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டேன். அழுக்கு நுரை அதோடு போய்விடும். துண்டுகளைக் கழுவி, புதுத் தண்ணீரில் வெங்காயம், பிரியாணி இலை, முழுமிளகு போட்டு, சிறுதீயில் மூன்று மணி நேரம். பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரத்தில் முடியும், அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் குக்கரில் சில துண்டுகள் எலும்பை விட்டுக் கழன்றுவிடும், மேஜையில் வைக்கும்போது துணுக்குக் கறியாகத் தெரியும். கறி எலும்பில் ஒட்டியிருந்து, கடித்து இழுத்தால் வரவேண்டும். வயிற்றுப்பையை வினிகரும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, தனிப் பாத்திரத்தில் இஞ்சியோடு வேகவைத்தேன். அந்தத் தண்ணீர் குழம்புக்கு ஆகாது.

வெந்ததை ராத்திரி முழுக்க குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு லாபம். கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்து நிற்கும், கையால் எடுத்துவிடலாம் (கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், தாளிக்க உதவும்). கீழே சாறு ஜெல்லியாக இறுகிவிடும். ஜெல்லியாக இறுகிய சாறு காரில் சிந்தாது. நாங்கள் இருக்கும் பாசிக்கிலிருந்து கைந்தா பக்கத்து ஊர்தான், ஆனால் 24ஆம் தேதி சாயங்காலம் ஒர்த்திகாஸ் சாலையில் போனவர்களுக்குப் பக்கம் என்பதன் அர்த்தம் தெரியும். குழம்பாகச் செய்து எடுத்துப் போயிருந்தால் டிக்கி முழுக்க நிலக்கடலை வாசனை அடித்துக்கொண்டிருக்கும். அதனால் கறியும் ஜெல்லியும் ஐஸ் பெட்டியில், பொடி ஒரு டப்பாவில், காய்கறி தனியாக. குழம்பு கூட்டுவது அங்கே போய்த்தான்.

பொடி: தோல் நீக்கி வறுத்த நிலக்கடலை 600 கிராம், பசையரிசி 200 கிராம். அரிசியை வெறும் வாணலியில் நல்ல பொன்னிறம் தாண்டி, லேசான காப்பி நிறம் வரும்வரை வறுக்கவேண்டும். பாதியில் இறக்கினால் குழம்பு கெட்டியாகும், மணம் வராது. நிலக்கடலையைத் தனியாக மிக்சியில் போட்டால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். அரிசியை முதலில் பொடித்து, அதிலேயே கடலையைப் போட்டு விட்டுவிட்டு ஓட்டினால், கக்கும் எண்ணெயை அரிசி மாவு உறிஞ்சிக்கொண்டு உதிரியாக வரும். டப்பாவில் போட்டு எடுத்துப்போக இதுதான் வசதி. கடையில் கிடைக்கும் பீனட் பட்டரை வைத்துச் செய்கிறவர்கள் நிறைய. அதில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கிறது, குழம்பு பாயசத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

நிறத்துக்கு அச்சுவெத்தே விதை. செங்கல் நிறத்தில் சின்னச் சின்னதாக இருக்கும். எடுத்துவைத்த கொழுப்பும் எண்ணெயுமாகச் சூடாக்கி, மிகச் சிறுதீயில் விதையைப் போட்டால் சில நிமிடத்தில் எண்ணெய் ரத்தச் சிவப்பாகிவிடும். விதை கறுக்கத் தொடங்குமுன் வடிகட்டிவிடவேண்டும், கறுத்தால் கசக்கும். இந்த விதை, நிலக்கடலை இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பொருட்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வழியில் இங்கே வந்து வேர்விட்டவை எத்தனையோ.

கரே-கரேவின் பூர்வீகம் பற்றி இந்த ஊரில் ஒரு கதை உண்டு. 1762இல் மதராஸிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது, 1764 வரை வைத்திருந்தது. அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். பிரிட்டிஷார் கிளம்பியபோது அவர்களில் சிலர் கப்பல் ஏறாமல் இதே கைந்தாவில் தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். இதுவரை வரலாறு. அந்தச் சிப்பாய்கள் ஊர் ஞாபகத்தில், மசாலா கிடைக்காமல், கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த குழம்புதான் கரே-கரே என்பது கதை. பம்பாங்கா மாகாணத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, அது எங்கள் ஊர்ச் சமையல் என்பார்கள். கைந்தாவுக்கு வந்த தமிழ் மருமகன் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் சிப்பாய் கட்சி என்று நினைப்பு. சாப்பிட்டுப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிளகாய் இல்லை, மல்லி இல்லை, சீரகம் இல்லை, புளி இல்லை. காய்கறிக் கூடையைப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் சந்தேகம் வரும்: நீளக் கத்திரிக்காய், காராமணிக் காய், வாழைப்பூ. கூடவே பெச்சாய் என்ற கீரை.

வாழைப்பூவில்தான் மாமியாருக்கும் எனக்கும் வருடா வருடம் வழக்கு. நான் மடல் மடலாக உரித்து, பூவுக்குப் பூ கள்ளனை எடுக்க உட்கார்ந்துவிடுவேன், வளர்ந்த விதம் அப்படி. அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “அனாக், நீ ஒவ்வொண்ணா உரிச்சு முடிக்கிறதுக்குள்ள பூசை முடிஞ்சிடும்” என்றார். அனாக் என்றால் பிள்ளை, மருமகனையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை நானாய், அதாவது அம்மா என்பேன்.

“கள்ளனை எடுக்கலைன்னா தொண்டையில நிக்கும், நானாய்.”

“எங்க வீட்ல யாருக்கும் நின்னதில்ல.”

அவர் செய்வது இப்படி: சிவப்பு மடல்களையெல்லாம், அதற்குள் இருக்கும் பூவோடு சேர்த்து, தயங்காமல் பிய்த்துப் போட்டுவிடுகிறார். உள்ளே வெளிர்மஞ்சளாக, கை வைத்தால் இறுக்கமாக ஒரு குருத்து நிற்கும். அதை நீளவாக்கில் எட்டாகப் பிளந்து, வினிகர் கலந்த உப்புத்தண்ணீரில் போடுகிறார், நாம் மோர்த் தண்ணீரில் போடுவதுபோலவே, கறுக்காமல் இருக்க. பிளந்த துண்டைப் பார்த்தால் மடலுக்குள் மடலாக, நடுவில் நூல்நூலாகப் பிஞ்சுப் பூக்கள். கள்ளன் அதிலும் இருக்கிறது, ஆனால் முற்றாத பிஞ்சு என்பதால் உப்புநீரில் வெந்ததும் பல்லில் தெரியவே இல்லை. அவர் சொல்வது சரிதான், இந்தப் பதார்த்தத்துக்கு. பிய்த்துப் போட்ட வெளிப்பூக்களை மட்டும் நான் ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டேன். பருப்பு போட்டு உசிலி செய்ய 26ஆம் தேதிக்கு ஆகும்.

காய்கறி ஒன்றையும் குழம்பில் வேகவைப்பதில்லை. தனித்தனியாக உப்புநீரில் அரைப்பதம் வேகவைத்து, பச்சைக் காய்களை உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு வடிக்கவேண்டும். கத்திரிக்காயை மட்டும் எண்ணெயில் வதக்கிவிட்டேன், தண்ணீரில் வெந்தால் நிறம் செத்துவிடும். பரிமாறும்போது சுடுகுழம்பின் மேல் அடுக்கினால் அந்தச் சூடே போதும்.

குழம்பு கூட்டியது மாலை ஏழு மணிக்கு, காஸ் அடுப்பு காலியாக இருந்த நேரம். சிவப்பு எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கி, இளகிய ஜெல்லிச் சாறு மூன்று லிட்டர் ஊற்றி, இன்னும் அரை லிட்டர் குளிர்ந்த சாற்றில் பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து விட்டேன். நேராகக் கொதிக்கிற சாற்றில் பொடியைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத்தான் கிடக்கும். மீன் சாஸ் இரண்டு கரண்டி, அவ்வளவுதான் உப்பு. இருபது நிமிடம் கிண்டிக்கொண்டே இருந்தால் பச்சை மாவு வாசனை போய், கரண்டியின் முதுகில் படியும். அப்புறம் கறித்துண்டுகள். சாப்பிடும்போது இருக்கவேண்டிய பதத்தைவிட ஒரு படி நீர்க்க இறக்கிவிடவேண்டும், அரிசி மாவு நேரம் ஆக ஆக இறுகும்.

முதல்முறை சாப்பிடுகிறவர்கள் “உப்பே இல்லையே” என்பார்கள். உப்பு பகோஓங்கில் இருக்கிறது. நம்ம ஊர்ச் சென்னாக்கூனி அளவுள்ள பொடி இறாலை உப்பில் போட்டுப் புளிக்கவைத்த விழுது. தீத்தா அதைப் பன்றிக் கொழுப்பில் பூண்டு, வெங்காயம், தக்காளியோடு வதக்கி, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், இரண்டு காந்தாரி அளவு மிளகாய் போட்டுச் சுருள வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு வாய் குழம்புச் சோற்றுக்குச் சுண்டுவிரல் நுனி அளவு தொட்டுக்கொள்ளவேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாத ஒரு பையன் குடும்பத்தில் இருப்பதால் கிண்ணம் மேஜையின் மறுகோடியில், தனிக் கரண்டியோடு.

ஏழே முக்காலுக்கு ஆத்தே இரண்டு பை நூடுல்ஸோடு பக்கத்தில் வந்து நின்றார். இடத்தைக் காலி செய்யவேண்டியதுதான். இங்கேதான் கூயாவின் கரி அடுப்பு கைகொடுத்தது. பார்பெக்யூ முடிந்து தணல் சாம்பல் போர்த்திக் கிடந்தது. அதன்மேல் நேராக வைத்தால் நிலக்கடலையும் அரிசியும் சேர்ந்த குழம்பு கிண்டக் கிண்ட அடிபிடிக்கும். பிரியாணிக்குத் தம் போடும்போது அடியில் தோசைக்கல் வைப்போமே, அதேதான். வீட்டிலிருந்து கனமான இரும்புத் தோசைக்கல்லை எடுத்துப்போயிருந்தேன். தணல் மேல் கல், கல் மேல் பானை. ஒன்பது மணிப் பூசைக்கு எல்லோரும் போய்விட்டு வந்தபோதும் குழம்பு கைபொறுக்காத சூட்டில் இருந்தது, அடியில் ஒட்டவில்லை. வீட்டில் இருந்த லோலா, பாட்டி, நடுவில் ஓரிரு தடவை கிண்டிவிட்டதாகச் சொன்னார். எத்தனை வாய் ருசி பார்த்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

லும்பியாவைப் பற்றியும் கொஞ்சம். 23ஆம் தேதி ராத்திரியே எல்லோரும் உட்கார்ந்து சுருட்டியாயிற்று. இரண்டு கிலோ அரைத்த பன்றிக்கறி, பொடியாக நறுக்கிய காரட், வெங்காயம், பூண்டு, சிங்கமாஸ் என்ற வெள்ளைக் கிழங்கைத் துருவி நீர் பிழிந்தது, சோயா சாஸ், மிளகு. ஒன்றுக்கு 20 கிராம் கறி, விரல் பருமன், அதற்குமேல் போனால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். ஓரம் ஒட்ட முட்டை வெள்ளைக்கரு, அதற்குப் பஞ்சமே இல்லை. மாமியார் ஆறு அச்சு லெச்சே ஃபிளானுக்கு 30 மஞ்சள் கரு எடுத்திருந்தார். ஸ்பானியர் காலத்தில் கோயில் கட்டும் சுண்ணாம்புக் கலவைக்கு வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய மஞ்சள் கருதான் இந்தப் பலகாரமெல்லாம் ஆனது என்று இங்கே வயதானவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வெள்ளைக்கருதான் மிச்சம்.

சுருட்டியதை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, அப்புறம் பைகளில் போட்டோம். பொரிக்கும்போது உறைந்தபடியேதான் எண்ணெயில் போடவேண்டும். இளகவிட்டால் தாள் ஈரமாகி வெடித்துவிடும். 170 டிகிரி எண்ணெய், ஒரு தடவைக்குப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். பதினொன்றேகாலுக்குத் தொடங்கி, தட்டில் வைக்க வைக்கக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தொட்டுக்கொள்ள வாழைப்பழக் கெட்சப். தக்காளி அரிதாக இருந்த ஊரில் வாழைப்பழத்தை வைத்துக் கெட்சப் செய்யலாம் என்று வழிகாட்டியவர் மரியா ஒரோசா என்ற உணவு வேதியியலாளர், பத்தங்காஸ் மாகாணத்துத் தால் ஊர்க்காரர். 1945இல் மணிலாச் சண்டையில் குண்டுவீச்சில் இறந்துபோனார். அவர் பெயர் இந்தக் குடும்பத்தில் குழந்தைகளுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

லெச்சே ஃபிளான் நான் தொடாத வேலை, பார்த்தது மட்டும். சர்க்கரையை நீள்வட்டத் தகர அச்சிலேயே போட்டு, இடுக்கியால் பிடித்துத் தீயின்மேல் ஆட்டி ஆட்டிக் காய்ச்சுகிறார். ஆறு அச்சுக்கும் இதே. ஒரு பர்னர் அரைமணிக்கு மேல் அவர் வசம். அதனால்தான் அதை 23க்குத் தள்ளினோம். ஆவியில் வேகும்போது கொதி அதிகமானால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வரும், மூடிக்கடியில் துணி கட்டாவிட்டால் நீர் சொட்டிக் குழி விழும். அவருடையதில் ஒரு ஓட்டை கிடையாது.

நள்ளிரவில் மேஜை நிரம்பியபோது காஸ் அடுப்பு இரண்டும் அணைந்திருந்தன. எனக்கு அதில்தான் திருப்தி. யாரும் சமையலறையில் நிற்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டோடு உட்கார்ந்தார்கள். கரே-கரேவைப் பெரிய மண்சட்டியில் மாற்றி, மேலே பச்சை, ஊதா, வெளிர்மஞ்சள் என்று காய்களை அடுக்கி வைத்தேன். இறுகியிருந்த குழம்புக்கு, எடுத்துவைத்திருந்த சாறு ஒரு குவளை தேவைப்பட்டது. கூயா மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, “சிப்பாய் ஜெயிச்சிட்டான்” என்றார். பம்பாங்காவிலிருந்து வந்த அவர் மாமனார் அதைக் காதில் வாங்காததுபோல் வாலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறைக்குக் குறிப்பு: வயிற்றுப்பை முக்கால் கிலோ போதும், இளையவர்கள் ஒதுக்குகிறார்கள். வால் 3 கிலோ சரி. கத்திரிக்காய் இரட்டிப்பாக வேண்டும், முதலில் தீர்ந்தது அதுதான். பொடியில் நூறு கிராம் கூடுதலாகச் செய்துவைக்கலாம், மறுநாள் மிச்சக் குழம்பை நீட்ட உதவும். கரி இரண்டு கிலோ தனியாக வாங்கவேண்டும், கூயாவின் தணல் மிஞ்சும் என்று நம்பக் கூடாது. டிசம்பர் 31 இரவு மெதியா நோச்சே விருந்துக்கு ஆத்தே ஸ்பகெட்டி சூடு பண்ணத் தோசைக்கல்லைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டார், அதனால் ஜனவரி வரை எங்கள் வீட்டில் தோசை நான்ஸ்டிக்கில்தான்.